அருகருகே தெரியும் இரண்டு விண்மீன் திரள்கள் இணைகின்றனவா? செம்பெயர்ச்சியையும் தொலைவையும் கொண்டு கண்டறியும் வழி

பெகாசஸ் விண்மீன் குழுவின் திசையில் ஐந்து விண்மீன் திரள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதுபோல் தெரிகின்றன. 1877-ல் பிரான்ஸின் மார்செய் வானாய்வகத்தில் எதுவார் ஸ்தெஃபான் கண்டறிந்ததால் அதற்கு ஸ்தெஃபானின் ஐவர் என்று பெயர். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் ஒன்றாக அது வெளிவந்தது. படத்தை மட்டும் பார்ப்பவர் ஐந்தும் ஒரே மோதலில் சிக்கியவை என்றே சொல்வார். ஆனால் அவற்றில் ஒன்றான என்.ஜி.சி. 7320 (என்.ஜி.சி., ஐ.சி. என்பவை வானப் பொருள்களின் பட்டியல்கள்) நம்மிடமிருந்து சுமார் 4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. மற்ற நான்கும் சுமார் 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். 1961-ல் ஜெஃப்ரி பர்பிட்ஜ், மார்கரெட் பர்பிட்ஜ் தம்பதியினர் செம்பெயர்ச்சியை, அதாவது ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவை, அளந்தபோதுதான் இந்த ஒன்று மற்றவற்றோடு சேராதது என்று தெரிந்தது.

இணையத்தில் இன்று வானப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கும் எவருக்கும் அருகருகே இரண்டு திரள்கள் தென்பட்டதும் எழும் கேள்வி ஒன்றுதான்: இவை இணைகின்றனவா? பதில் தேட தொலைநோக்கி வேண்டியதில்லை. இணைய இணைப்பும் கணக்குப் போடும் பொறுமையும் போதும். தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். செம்பெயர்ச்சி, "இல்லை, இவை தொடர்பற்றவை" என்ற தீர்ப்பைத் துணிவாகத் தரும். "ஆம், இணைகின்றன" என்ற தீர்ப்பை அது தனியாகத் தராது. புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

முதல் படி: இரண்டுக்கும் தனித்தனிச் செம்பெயர்ச்சி இருக்கிறதா?

ஒரு திரளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன், கால்சியம் போன்ற தனிமங்களின் கோடுகள் தெரியும். ஆய்வகத்தில் அவை விழும் இடம் நமக்குத் தெரியும். விண்வெளி விரிவதால் தொலைவிலுள்ள திரளின் கோடுகள் நீண்ட அலைநீளத்துக்கு, அதாவது சிவப்புப் பக்கம், நகர்ந்து கிடக்கும். காணும் அலைநீளத்திலிருந்து ஆய்வக அலைநீளத்தைக் கழித்து, வந்ததை ஆய்வக அலைநீளத்தால் வகுத்தால் செம்பெயர்ச்சி கிடைக்கும்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டின் ஆய்வக அலைநீளம் 656.3 நானோமீட்டர். ஒரு திரளில் அது 670.7-ல் தெரிகிறது என்று கொள்வோம். வேறுபாடு 14.4. அதை 656.3-ஆல் வகுத்தால் 0.0219. ஒளியின் வேகமான விநாடிக்கு 2,99,792 கி.மீ.-ஆல் பெருக்கினால் விநாடிக்கு சுமார் 6,580 கி.மீ. ஐவரில் தொலைவில் உள்ளவற்றின் வேகம் இந்த அளவில்தான் இருக்கிறது.

நீங்கள் கோடுகளை அளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் கால்டெக் நடத்தும் 'நெட்' என்ற புறவெளித் தரவுத்தளத்தில் திரளின் பெயரையோ வான ஆயங்களையோ இட்டால், அதுவரை வெளியான செம்பெயர்ச்சி அளவுகள் பிழை வரம்போடு கிடைக்கும். ஸ்லோன் வானளவைத் திட்டத்தின் தளத்தில் நிறமாலையையே திறந்து பார்க்கலாம். எண்ணை எடுக்கும்போது கீழே உள்ள நான்கையும் சரிபாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு போடும் கணக்கு எல்லாம் வீண்.

ஒன்று, அது நிறமாலையிலிருந்து எடுத்ததா, நிறங்களை வைத்து மதிப்பிட்டதா? ஸ்லோன் போன்ற அளவைகள் கோடிக்கணக்கான திரள்களுக்கு ஐந்து வடிகட்டிகளின் வழியே தெரியும் பிரகாசத்தை வைத்துச் செம்பெயர்ச்சியை ஊகித்துத் தருகின்றன. அந்த ஊகத்தில் 0.02 அளவு பிழை இருப்பது சாதாரணம். அது விநாடிக்கு 6,000 கி.மீ.-க்குச் சமம். நாம் தேடும் வேறுபாடோ சில நூறு கி.மீ. ஆகவே இணைப்பை நிறுவ இந்த வகை எண் உதவாது. இரண்டும் வெகுதூரம் விலகியவை என்று ஒதுக்க மட்டும் சில நேரம் உதவும்.

இரண்டு, அந்த எண் உண்மையில் இரண்டாவது திரளுடையதுதானா? ஸ்லோன் திட்டத்தின் முதல் கட்டங்களில் ஒரே தட்டில் இரண்டு ஒளியிழைகளை (திரளின் ஒளியை நிறமாலைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் இழைகளை) 55 விகலைக்கு நெருக்கமாகப் பொருத்த முடியவில்லை. (ஒரு பாகையில் 3,600 விகலை, முழுநிலவின் குறுக்களவு சுமார் 1,800 விகலை.) நாம் தேடும் நெருக்கமான ஜோடிகள் துல்லியமாக அந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. அதனால் பல ஜோடிகளில் ஒன்றுக்கு மட்டுமே நிறமாலை இருக்கும். தரவுத்தளத்தில் ஜோடியின் பெயரில் ஒரே ஒரு எண் கண்ணில் பட்டால், அதை இரண்டுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிசோனாவின் கிட் பீக்கில் 5,000 ஒளியிழைகளோடு இயங்கும் டெசி கருவியின் முதல் பெரிய தரவுத் தொகுப்பு 2025 மார்ச்சில் பொதுவெளிக்கு வந்தது. விடுபட்ட இரண்டாவது எண்ணை அங்கேயும் தேடிப் பாருங்கள்.

மூன்று, இரண்டாவது பொருள் ஒரு திரள்தானா? செம்பெயர்ச்சி ஏறக்குறைய சுழியாக இருந்தால் அது பால்வீதியைச் சேர்ந்த விண்மீனாக இருக்கலாம். மாறாக, பெரிய திரளின் கரத்தில் உள்ள பிரகாசமான விண்மீன் பிறப்பிடம் ஒன்றைத் தானியங்கி நிரல் தனித் திரளாகப் பதிந்திருக்கலாம். அப்போது இரண்டு செம்பெயர்ச்சிகளும் அழகாகப் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் ஒரே திரள்தான்.

நான்கு, இரண்டு எண்களும் ஒரே முறையில் சொல்லப்பட்டவையா? ஒளியியல் வானியலாளர்கள் செம்பெயர்ச்சியை ஒளியின் வேகத்தால் நேரடியாகப் பெருக்குவார்கள். ரேடியோ வானியலில் பெருக்கியதை, ஒன்றோடு செம்பெயர்ச்சியைக் கூட்டிய எண்ணால் வகுக்கும் மரபும் உண்டு. 0.022 செம்பெயர்ச்சியில் இந்த இரண்டு மரபுகளுக்கும் இடையே விநாடிக்கு சுமார் 140 கி.மீ. வேறுபாடு வந்துவிடும். அதே போல ஒன்றைச் சூரியனை மையமாக வைத்தும் மற்றொன்றை அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை வைத்தும் எடுத்தால் இல்லாத வேறுபாடு முளைக்கும்.

இரண்டாம் படி: தொலைவும் இடைவெளியும்

நம் அண்டைப் பகுதியில், அதாவது செம்பெயர்ச்சி 0.1-க்குள், எளிய கணக்கு போதும். விலகு வேகத்தை, விண்வெளி விரியும் வீதத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியால் வகுத்தால் மெகாபார்செக்கில் தொலைவு வரும். மாறிலியின் மதிப்பு 67-லிருந்து 73-க்குள் எங்கே என்பது இன்னும் முடியாத விவாதம். நம் தேவைக்கு 70 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மெகாபார்செக் என்பது 32.6 லட்சம் ஒளியாண்டு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிலோபார்செக்.

பெருநாய் விண்மீன் குழுவின் திசையில் உள்ள என்.ஜி.சி. 2207, ஐ.சி. 2163 ஜோடியை எடுத்துக்கொள்வோம். வேகங்கள் விநாடிக்கு சுமார் 2,741, 2,765 கி.மீ. சராசரியை 70-ஆல் வகுத்தால் 39 மெகாபார்செக். மையங்களுக்கு இடையே வானத்தில் தெரியும் கோணம் சுமார் 85 விகலை. தொலைவைக் கோணத்தால் பெருக்கி 2,06,265-ஆல் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். இங்கே வருவது சுமார் 16 கிலோபார்செக், அதாவது 50,000 ஒளியாண்டுக்குச் சற்று மேல். நம் பால்வீதியின் வட்டு ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு அகலம் கொண்டது. அதோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவு நெருக்கம் என்பது விளங்கும்.

செம்பெயர்ச்சி இன்னும் கூடும்போது விண்வெளியின் விரிவைக் கணக்கில் கொள்ளும் கணிப்பான் தேவை. நெட் தளத்திலேயே அது உண்டு. நினைவில் வைக்க ஓர் எண் சொல்கிறேன்: செம்பெயர்ச்சி 0.05-ல் ஒரு விகலை என்பது ஏறக்குறைய ஒரு கிலோபார்செக், 0.1-ல் சுமார் 1.8.

நாம் கணித்தது வானத் தளத்தில் தெரியும் இடைவெளி மட்டுமே. நம் பார்வைக்கோட்டின் திசையில் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் இருந்தால் உண்மையான இடைவெளி இதைவிடப் பெரியது. ஒருபோதும் சிறியதாகாது.

மூன்றாம் படி: வேக வேறுபாடு

இரண்டு செம்பெயர்ச்சிகளின் வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கி, ஒன்றோடு சராசரிச் செம்பெயர்ச்சியைக் கூட்டிய எண்ணால் வகுங்கள். என்.ஜி.சி. 2207 ஜோடிக்கு வருவது விநாடிக்கு 24 கி.மீ. மட்டும். இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிழை வரம்போடு சேர்த்தே படிக்க வேண்டும். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டின் இடத்தில் 0.1 நானோமீட்டர் தவறினாலே 46 கி.மீ. மாறிவிடும். திரள்களின் சுழற்சி வேகமோ 200 கி.மீ.-யைத் தொடும். ஒளியிழை மையத்தில் விழாமல் ஓரத்தில் விழுந்தால் அந்த வேகமும் எண்ணில் கலந்துவிடும்.

ஆய்வுகளில் வழக்கமாக வைக்கும் எல்லை இதுதான்: தெரியும் இடைவெளி 20 முதல் 50 கிலோபார்செக்குக்குள், வேக வேறுபாடு விநாடிக்கு 500 கி.மீ.-க்குள். இந்த 500 எங்கிருந்து வந்தது? பால்வீதியில் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பொருள் தப்பி வெளியேற விநாடிக்கு ஏறத்தாழ 550 கி.மீ. வேகம் வேண்டும். பெரிய திரள்களின் ஈர்ப்புப் பிடி அந்த அளவுதான். அதைவிட வேகமாகக் கடப்பவை ஒன்றையொன்று உலுக்கிவிட்டு விலகிப் போய்விடக்கூடும். மெதுவாகக் கடப்பவையே வேகத்தை இழந்து, திரும்பி வந்து, கடைசியில் ஒன்றாகின்றன.

காலத்தையும் இதிலிருந்து உணரலாம். விநாடிக்கு ஒரு கி.மீ. வேகத்தில் செல்லும் பொருள் 100 கோடி ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு கிலோபார்செக் கடக்கும். 200 கி.மீ. வேகத்தில் 30 கிலோபார்செக்கைக் கடக்க 15 கோடி ஆண்டு. நாம் பார்ப்பது அந்த நீண்ட நிகழ்வின் ஒற்றைக் கணம்.

இங்கே நின்று நிதானியுங்கள்

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். அவர்கள் போடும் கணக்கு இது: ஒன்றின் வேகம் 6,630, மற்றொன்றின் வேகம் 5,774, இரண்டையும் தனித்தனியே 70-ஆல் வகுத்தால் 12 மெகாபார்செக் வேறுபாடு, அதாவது 4 கோடி ஒளியாண்டு இடைவெளி, ஆகவே தொடர்பில்லை. பார்க்கக் குறையில்லாத கணக்கு. ஆனால் இந்த எண்கள் ஸ்தெஃபானின் ஐவரில் உள்ள என்.ஜி.சி. 7318ஏ, 7318பி ஆகியவற்றுக்கு உரியவை. 7318பி அந்தக் குழுவுக்குள் விநாடிக்கு 800 கி.மீ.-க்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்த வாயுவில் அது மோதியதால் எழுந்த அதிர்ச்சி அலை எக்ஸ் கதிரிலும் ரேடியோவிலும் அகச்சிவப்பிலும் பதிவாகியிருக்கிறது. தொடர்பில்லை என்று கணக்கு சொன்ன இடத்தில் நடப்பது கடுமையான மோதல்.

காரணம் இதுதான். அளந்த வேகத்தில் இரண்டு பங்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று விண்வெளி விரிவதால் வருவது. மற்றொன்று அண்டை நிறைகளின் ஈர்ப்பால் திரள் தானே நகரும் தனிவேகம். தனித்த திரளுக்கும் இந்தத் தனிவேகம் சில நூறு கி.மீ. இருக்கும். திரள் கொத்துகளுக்குள் அது ஆயிரத்தைத் தாண்டும். கன்னிக் கொத்தைச் சேர்ந்த மெஸ்ஸியே 86 என்ற திரள் நம்மை நோக்கி விநாடிக்கு சுமார் 240 கி.மீ. வேகத்தில் வருகிறது, அதன் ஒளி நீலப் பக்கம் பெயர்ந்திருக்கிறது. அதற்கு ஹபிள் கணக்குப் போட்டால் தொலைவு எதிர்மறை எண்ணாக வரும்! அதே கொத்தின் என்.ஜி.சி. 4567, 4568 ஜோடியின் வேகங்கள் சுமார் 2,270, 2,255. வகுத்தால் 32 மெகாபார்செக். கொத்தின் உண்மைத் தொலைவோ சுமார் 16.5 மெகாபார்செக். தொலைவு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. அதை வைத்துக் கணிக்கும் இடைவெளியும் அப்படியே இரட்டிப்பாகும்.

எனவே சராசரி வேகத்தைத் தொலைவாக மாற்றலாம்; ஜோடிக்குள் இருக்கும் சிறு வேறுபாட்டைத் தொலைவாக மாற்றக் கூடாது. அந்த வேறுபாடு சில ஆயிரம் கி.மீ.-யைத் தாண்டினால் மட்டுமே அது தொலைவின் வேறுபாடு என்று துணியலாம். என்.ஜி.சி. 7320-இன் வேகம் விநாடிக்கு சுமார் 790 கி.மீ., மற்றவற்றோடு ஒப்பிட்டால் 5,000-க்கு மேல் வேறுபாடு. எந்தத் தனிவேகமும் அதை விளக்காது. வழக்கை முடித்துவிடலாம்.

நான்காம் படி: தனியாக அளந்த தொலைவு

செம்பெயர்ச்சியைச் சாராமல் தொலைவை அளக்கும் முறைகள் உள்ளன: செஃபீடு மாறொளிர் விண்மீன்கள், செம்பெரும் விண்மீன்களின் உச்சப் பிரகாசம், ஒன்று-ஏ வகைச் சூப்பர்நோவா, சுழற்சி வேகத்தையும் ஒளிர்வையும் இணைக்கும் டல்லி–ஃபிஷர் உறவு. நெட் தளத்தில் இவையும் பட்டியலாகக் கிடைக்கும். கொத்துகளின் திசையில் இவை மிகவும் பயன்படும். ஆனால் இவற்றிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்காதீர்கள். டல்லி–ஃபிஷர் தொலைவில் 15 முதல் 20 சதவீதப் பிழை இயல்பு. 30 மெகாபார்செக்கில் அது ஆறு மெகாபார்செக் வரை போகும். இணையும் திரள்களின் இடைவெளியோ அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டின் தொலைவும் பிழை வரம்புக்குள் ஒத்துப்போகிறது என்றால், அது மறுப்பு கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள்படும்.

எது முன்னே என்பதை அறிய வேறு வழிகளும் உண்டு. முன்னிருக்கும் திரளின் தூசு, பின்னிருப்பதன் ஒளியின் மேல் கருநிழலாகப் படியும். நிறமாலையிலும் சான்று கிடைக்கும். என்.ஜி.சி. 4319 திரளும் மார்க்காரியன் 205 என்ற குவேசாரும் (மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூரத் திரள் மையம்) பாலம் போட்டு இணைந்தவை என்று வானியலாளர் ஹால்டன் ஆர்ப் நெடுங்காலம் வாதிட்டார். முதலாவதன் செம்பெயர்ச்சி 0.005-க்கும் குறைவு, இரண்டாவதன் செம்பெயர்ச்சி 0.07. குவேசாரின் ஒளியில் என்.ஜி.சி. 4319-இன் வாயு விட்ட உறிஞ்சு கோடுகளை ஹபிள் தொலைநோக்கி பதிவு செய்தது. அந்த ஒளி திரளைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்றால் குவேசார் பின்னால்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: உடலில் காயம் இருக்கிறதா?

எண்கள் எல்லாம் பொருந்திய பிறகே படத்துக்குத் திரும்புங்கள். இணைப்புக்கு உறுதியான சான்று திரளின் வடிவத்தில் இருக்கிறது. அருகில் வரும் திரளின் ஈர்ப்பு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுப்பதால் விண்மீன்களும் வாயுவும் நீண்ட வால்களாகவும் பாலங்களாகவும் பிய்த்தெறியப்படுகின்றன. 1972-ல் ஆலர் தூம்ரே, யூரி தூம்ரே சகோதரர்கள் கணினியில் இதைக் கணித்து, ஈர்ப்பு ஒன்றே இந்த வால்களை உருவாக்கப் போதும் என்று காட்டினார்கள். காக்கை விண்மீன் குழுவில் உள்ள ஆண்டெனா திரள்களான என்.ஜி.சி. 4038, 4039 அவர்கள் எடுத்த ஜோடிகளில் ஒன்று.

மங்கலான ஒளியைத் தேடுங்கள். வால்கள் மையத்தைவிட மிக மங்கலானவை. சாதாரணப் படத்தில் தெரியாதது, லெகசி வானளவைத் தளத்தின் ஆழமான படங்களில் தெரியலாம். ஐ.சி. 2163-இன் கண் இமை போன்ற பிரகாசமான வளைவு, ஈர்ப்பால் நசுங்கியதன் அடையாளம். நீள்வட்டத் திரள்களைச் சுற்றி அடுக்கடுக்காய்த் தெரியும் ஓடுகள், பழைய இணைப்பின் எச்சம். புதிய விண்மீன்கள் அதிகமாகப் பிறப்பதை மட்டும் சான்றாக நான் ஏற்க மாட்டேன். தனித்த திரள்களிலும் அது நடக்கிறது.

வடிவம் சிதைந்திருந்தாலும், சிதைத்தது யார் என்று கேட்க வேண்டும். என்.ஜி.சி. 3314-இல் இரண்டு சுருள் திரள்கள் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. வேகங்கள் சுமார் 2,800, 4,600. இரண்டும் ஹைட்ரா கொத்தின் திசையில் இருப்பதால் அந்த 1,800 கி.மீ. தனிவேகமாகவும் இருக்கலாம், செம்பெயர்ச்சி மட்டும் முடிவு சொல்லாது. முன்னிருப்பதன் ஓரம் சற்றே வளைந்தும் இருக்கிறது. ஆனால் ஆய்வாளர்கள் அந்த வளைவுக்குக் காரணமாகக் கருதுவது படத்துக்கு வெளியே நிற்கும் என்.ஜி.சி. 3312-ஐ. அவர்கள் மதிப்பில் ஒன்று 11.7 கோடி ஒளியாண்டிலும் மற்றொன்று 14 கோடி ஒளியாண்டிலும் இருக்கின்றன. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நெருக்கத்தின் உச்சம். உண்மையில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

தீர்ப்பை எழுதும் முறை

வேக வேறுபாடு சில ஆயிரம் கி.மீ.-யைத் தாண்டினால் "தற்செயலாக ஒரே திசையில் தெரிபவை" என்று எழுதுங்கள். இடைவெளியும் வேக வேறுபாடும் எல்லைக்குள், சிதைவு எதுவும் இல்லை என்றால் "நெருங்கிய ஜோடி, இணைப்பு உறுதியாகவில்லை". கன்னிக் கொத்தின் 4567, 4568 போல இப்போதுதான் நெருங்குபவை இந்த வகையில் நிற்கும். எண்களும் பொருந்தி, வால்களோ பாலங்களோ இருந்தால் "ஈர்ப்பால் ஒன்றையொன்று பாதிப்பவை, பெரும்பாலும் இணையும்". வேக வேறுபாடு 500-க்கும் 1,000-க்கும் இடையே இருந்து சிதைவும் தெரிந்தால் "மோதல் உண்டு, இணைப்பு கேள்விக்குறி" என்பதே நேர்மையான வாசகம். இணைப்பின் இறுதிக் கட்டத்தில் இந்த ஜோடிக் கணக்கு பயன்படாது, என்.ஜி.சி. 6240-இல் ஒரே உடலுக்குள் இரண்டு கருக்கள் இருக்கின்றன, அங்கே கருக்களைத்தான் ஆராய வேண்டும்.

"பெரும்பாலும்" என்ற சொல்லை நான் வேண்டுமென்றே வைத்தேன். செம்பெயர்ச்சி காட்டுவது பார்வைக்கோட்டின் திசையில் உள்ள வேகத்தை மட்டும். பக்கவாட்டு வேகம் நமக்குத் தெரியாது. தொலைதூரத் திரள்களுக்கு அதை அளக்கவும் வழியில்லை. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடாவைப் பாருங்கள். 1912-ல் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அது விநாடிக்கு சுமார் 300 கி.மீ. வேகத்தில் நெருங்குவதை அளந்தார். சூரியனின் சொந்தச் சுற்றோட்டத்தைக் கழித்தால் பால்வீதியை அது நெருங்கும் வேகம் சுமார் 110 கி.மீ. பக்கவாட்டு வேகத்தை 2012-ல் ஹபிள் அளவீடுகளால் மதிப்பிட்டு, சுமார் 400 கோடி ஆண்டுகளில் நேருக்கு நேர் மோதல் என்று அறிவித்தார்கள். 2025-ல் வெளியான ஆய்வு, அளவீடுகளின் பிழைகளையும் அண்டைத் திரள்களின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் இணைவதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறது. பக்கவாட்டு வேகம் அளக்கப்பட்ட, நமக்கு மிக அருகிலுள்ள பெருந்திரளுக்கே நிலைமை இதுதான்.

பயிற்சிக்கு என்.ஜி.சி. 2207, ஐ.சி. 2163 ஜோடியில் தொடங்குங்கள். இங்கே தந்த எண்களை நீங்களே நெட் தளத்தில் எடுத்துச் சரிபாருங்கள். அடுத்து ஆண்டெனா. அதன் பிறகு ஸ்தெஃபானின் ஐவரில் ஒவ்வொரு இரண்டையும் ஜோடியாக்கி அட்டவணை போடுங்கள்: பெயர், வேகம், பிழை வரம்பு, கோண இடைவெளி, கிலோபார்செக், வேக வேறுபாடு, சிதைவு, தீர்ப்பு. பத்து ஜோடிகள் வரும். அவற்றில் நான்கில் என்.ஜி.சி. 7320 இருக்கும், அந்த நான்கையும் வேகத்தைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடலாம். மீதி ஆறில்தான் உண்மையான வேலை இருக்கிறது.